நீல டிரம்மில் இருந்த கரி

கரட்டுப்பதியில் நாச்சிமுத்துவைப் பற்றி ஒரு கேலி உண்டு. கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளை சமையல் பந்தலுக்கு ஓடினான். கோட்டை அடுப்பில் மிச்சமிருந்த கங்கின்மேல் தண்ணீர் தெளித்து, கரியைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தான் என்பார்கள். இது சுத்தப் பொய். தண்ணீர் தெளித்தது அவன் அப்பன். நாச்சிமுத்து சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே அறுபது வீடு கொண்ட ஊர் அது. கொப்பரைக் களங்களிலிருந்து கொட்டாங்குச்சியை டெம்போவில் வாங்கி வந்து கரியாகச் சுடுவது அவன் தொழில். எட்டடிக் குழியின் அடியில் நெருப்பு வைத்து, கூடை கூடையாகக் கொட்டாங்குச்சியைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். புகை வெள்ளையாக இருக்கும்போது மூடக் கூடாது. அது மெலிந்து நீலம் தட்டும்போது தகரத்தைப் போட்டு, ஓரமெல்லாம் சேறு பூசிக் காற்றை அடைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் புகைகிற கரி, கொஞ்சம் பிந்தினால் வெறும் சாம்பல். நாச்சிமுத்துவின் கரி, கீழே போட்டால் கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் கேட்கும். நாற்பது வயதில் அவனுக்கு இருந்த ஒரே கர்வம் அந்தச் சத்தம்தான்.

குழிக்கு வரும் கொட்டாங்குச்சியில் என்னதான் இருக்காது? பூஞ்சணம், அழுகல், எலிப் புழுக்கை. ஒரு தடவை செத்த சாரைப் பாம்பே இருந்தது. எல்லாம் குழிக்குள் போய்க் கரியாக வெளியே வரும். 'நெருப்புப் பாத்த பொருளுக்குத் தீட்டில்லை' என்பது அவன் அப்பனின் வேதம். மகனும் அதையே கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவன் குடியைக் கெடுத்தது.

ஊருக்குக் கிழக்கே ஆறு. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைக்கு நாலு மாதம் ஓடும், மற்ற மாதங்களில் குட்டை குட்டையாகக் கிடக்கும். அதன் கரையில் வெட்டிய பொதுக்கிணற்றைத்தான் ஊரே குடித்தது. மேலே, வாளையார் ரோட்டுப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஏழெட்டு வருஷம் நடந்தது. ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணில் ஊறிய ஈயத்தை மட்டும் எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து ஆற்றுக்கு வந்தது, ஆற்றிலிருந்து கிணற்றுக்கு வந்தது. தண்ணீர் பார்க்கக் கண்ணாடிதான், ருசியும் கெடவில்லை. அதனால் ஊரில் யாரும் நம்பவில்லை.

நம்ப வைத்தவர் பிரதீபா டீச்சர். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துபவர்; கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்த பேச்சு. இரண்டு வருஷம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, போன தை மாதம் கிணற்று மேட்டில் ஒரு ஃபில்டரைக் கட்டினார். முதல் டாங்கியில் மணல், இரண்டாவதில் கரி, மூன்றாவதில் வடிந்த தண்ணீர், அதற்கு ஒரு பைப்பு. கரி நாச்சிமுத்துவின் கரியேதான். கல்லூரியில் அதைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்து, ஆவி காட்டித் தயார் செய்து கொண்டுவந்தார்கள். காவலும் அவனுக்கே வந்தது. கரியைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும் என்றது ஊர். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

"இதோ பாருங்கோ நாச்சிமுத்து," என்று ஒரு துண்டுக் கரியை உள்ளங்கையில் வைத்துக்காட்டினார் டீச்சர். "இதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்கு. தண்ணியில வர்ற ஈயம் அதுல வந்து ஒட்டிண்டுடும். மூணு மாசத்துல எல்லா ஓட்டையும் ரொம்பிடும். அப்போ கரியை மாத்தணும், மறக்கப்படாது."

"பழைய கரிய என்ன பண்றதுங்க?"

"நீல டிரம்முல போட்டு, வளையத்தைப் பூட்டி வெச்சுடுங்கோ. வண்டி வந்து எடுத்துண்டு போகும். ஆர் கேட்டாலும் குடுக்கப்படாது, கேட்டேளா? அது கரி இல்லை, விஷமாக்கும்."

"செரிங்க டீச்சர்," என்றான். சொன்னதைச் சொன்னபடி சித்திரையில் செய்தும் வைத்தான். டிரம் நிறைந்தது. வண்டிதான் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போனில் ஒரு பெண் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வைகாசியில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது.

அந்த வருஷ மழை இடைவெளி விடாத மழை. குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கொட்டாங்குச்சிக் குவியல் நனைந்து முளைவிடாத குறை. விறகும் ஈரம். காஸ் அடுப்பு சோற்றுக்கும் குழம்புக்கும் போதும். வீட்டில் ஒன்றேகால் வயசுக் குழந்தை இருந்தால் காஸ் மட்டும் போதுமா? மௌனிகா கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்தவள். தினமும் வெந்நீர் வேண்டும், குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடக் கங்கு வேண்டும், ஈரத்துணி காய அனல் வேண்டும்.

"ஏனுங்க, கரிக்காரன் ஊட்டுல சாம்பிராணிக்குக் கங்கு இல்லைன்னு வெளிய சொல்ல முடியுங்களா?" என்று சிரித்தாள் செல்வலட்சுமி. அவள் சும்மா சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது.

கிணற்று மேட்டுக்குப் போனான். டிரம்மைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கல்லில் போட்டுப் பார்த்தான். அதே வளையல் சத்தம். போட்ட கரி போட்டபடி கறுப்பாக, முழுசாக இருந்தது. இதைக் கொண்டுபோய் எங்கேயோ புதைக்கப் போகிறார்களாம். தண்ணீரில் ஒட்டியது தண்ணீரில் போகாதா என்று யோசித்தான். ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு போய், கூரைத் தண்ணீரில் ஏழு தடவை அலசினான். அலசிய தண்ணீர் தெளிந்து ஓடியதைப் பார்த்துத் திருப்திப்பட்டான். மிச்சம் மீதி இருந்தாலும் நெருப்பு பார்த்துக்கொள்ளும். அப்பன் வாக்கு இருக்கிறதே! அடுப்பு மேட்டில் உலர்த்தி அன்று மாலையே மூட்டினான். புகையே இல்லாமல் நின்று எரிந்தது.

"இது எந்தக் கரிங்க? இத்தனை நாளு எங்கே வெச்சிருந்தீங்க?" என்றாள் செல்வலட்சுமி.

"பழைய இருப்பு," என்றான்.

ஆனி முழுக்க, ஆடி முழுக்க அந்தக் கரிதான். ஆடியில் ஃபில்டருக்குப் புதுக் கரி போட்டு, பழையதை அதிலேயே கொட்டியும் டிரம் பாதிதான் இருந்தது.

ஆவணி பிறந்தபோது மௌனிகா சாப்பிட மறுத்தாள். முதலில் பல் முளைக்கிறது என்றார்கள். அப்புறம் கண் பட்டது என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்கு இருந்தாள், முகம் வெளுத்துப்போனது. சுவரைப் பிடித்து நடந்தவள் நடப்பதை நிறுத்தினாள். 'காக்கா' என்று சொல்லக் கற்றிருந்தாள். காக்காயைக் காட்டினால் பேசாமல் பார்த்தாள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள். கடைசியில் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டினார். "ரத்தத்துல ஈயம் நாப்பத்து மூணு இருக்குங்க. அஞ்சே அதிகம். சிரப் எழுதித் தர்றேன், ஆனா இதுக்கு முதல் மருந்து வேற. எங்கிருந்து உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தோணும். நிறுத்தாம நான் எத்தனை மருந்து குடுத்தும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு நாளும் மூளைக்குக் கேடு."

"பேசறது… நடக்கறது திரும்பி வந்துருங்களா?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"சீக்கிரம் நிறுத்துனா வரும்மா. எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது."

செய்தி அவர்களுக்கு முன்னால் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் காலை கிணற்று மேட்டில் கூட்டம். பிரதீபா டீச்சரும் வந்திருந்தார். பஞ்சாயத்து மெம்பர் குரலை ஏற்றினார்.

"ஃபில்டர் தண்ணி குடிச்ச புள்ளைக்கே இந்தக் கெதின்னா என்னங்க அர்த்தம்? கெணத்துத் தண்ணி குடிச்சு முப்பது வருசம் ஒருத்தனும் சாகலையே!"

"போன வாரமும் சோதிச்சேன். தண்ணியில ஈயம் இல்லை, சுத்தமாக்கும்," என்றார் டீச்சர். காகிதத்தை நீட்டினார்.

"காயிதத்துல என்ன வேணா எழுதலாமுங்க," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒரு கல் வந்து டாங்கியில் பட்டது. டீச்சரின் மேல் படவில்லை, ஆனால் அவர் முகம் பட்ட மாதிரிதான் ஆனது.

அவர் எதிர்த்துப் பேசியிருந்தால் நாச்சிமுத்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேசவில்லை. காகிதத்தை மடித்தார். "என் மெஷின் தப்பாக் காட்டறதோ என்னவோ. வேற இடத்துல குடுத்துப் பாக்கறேன். அதுவரைக்கும் இதைப் பூட்டிடறேன். தப்பு என்னோடதுன்னா நான்தான் ஏத்துக்கணும்," என்று சொல்லி பைப்பில் பூட்டுப் போட்டார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்போது நாச்சிமுத்துவும் ஃபில்டர்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் அவன் வீட்டுக்கு வந்தார். மௌனிகாவை மடியில் வாங்கிக்கொண்டார். குழந்தை அழக்கூட இல்லை.

"நாச்சிமுத்து, நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. குழந்தை மண்ணு திங்கறதா? சுவத்துப் பெயின்ட்டு? பழைய பேட்டரி ஏதாவது வீட்டுல இருக்கா?"

"பொடக்காளியில பாத்திரம் வெளக்கற எடத்துல சாம்பலை அள்ளி வாயில போட்டுக்குமுங்க," என்றாள் செல்வலட்சுமி. "எத்தனை அடிச்சாலும் கேக்காது. சாம்பல்தானுங்களே, அதுல ஒண்ணும் இருக்காதல்லங்க?"

"சும்மா சாம்பல்னா ஒண்ணுமில்லை. எதை எரிச்ச சாம்பல்ங்கறதுதான் விஷயம்." டீச்சர் அவனைப் பார்த்தார். "அந்த டிரம்முக் கரி மாதிரி ஒண்ணை எரிச்சா, கரி மட்டும்தான் எரியும். ஈயம் எரியாது. ஒரு சாக்குக் கரியில பிடிச்ச ஈயம் முழுக்க ரெண்டு கை சாம்பல்ல வந்து நிக்கும். டிரம் அப்படியே பூட்டித்தானே இருக்கு?"

நாச்சிமுத்துவுக்குக் கூரைத் தண்ணீரில் அலசிய சாக்கு நினைவுக்கு வந்தது. எதிரே மனைவி இருந்தாள். டீச்சர் மடியில் குழந்தை இருந்தது.

"இருக்குதுங்க," என்றான்.

"நன்னாச்சு. நான்தான் கண்டதையும் யோசிக்கறேன்," என்று டீச்சர் எழுந்து, குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பொய் சொல்வது சுலபம் என்று யார் சொன்னது? அதற்கப்புறம் அவன் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அன்று மத்தியானமே, செல்வலட்சுமி குழந்தையோடு படுத்திருந்தபோது, வீட்டுக்குப் பின்னால், பொடக்காளிச் சாம்பல் குழியை அடியோடு சுரண்டிச் சாக்கில் கட்டினான். மேல் மண்ணையும் ஒரு சாண் வெட்டி எடுத்தான். எல்லாவற்றையும் டிரம்மில் கொண்டுபோய்க் கொட்டி வளையத்தைப் பூட்டினான். இனி குழந்தை வாயில் போகாது. நிறுத்தியாகிவிட்டது. டாக்டர் சொன்னதும் அதுதானே, நிறுத்தோணும் என்றுதானே? யார் செய்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? மனசு வக்கீல் வைத்து வாதாடியது.

இரண்டாம் நாள் ஊர்ப் பெண்கள் பழையபடி கிணற்றில் கயிறு போட்டு இறைத்தார்கள். ராட்டினம் சத்தம் அவன் வீடுவரை கேட்டது. ஒவ்வொரு குடமும் ஈயத்தோடு போகிறது, அதைத் தடுத்துக்கொண்டிருந்த பைப்பு பூட்டிக் கிடக்கிறது, பூட்டியது டீச்சர் இல்லை, நான். இப்படி நினைத்துக்கொண்டு காலியான குழியின் ஓரத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தான். செல்வலட்சுமி மட்டும் குழந்தைக்குத் தென்னந்தோப்புக்காரர் வீட்டு மழைத்தண்ணீரை வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்து, இரண்டாவது இடத்திலும் தண்ணீர் சுத்தம் என்றே வந்திருக்கிறது, தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தூக்கமே இல்லை என்றார். அவன் 'ம்' கொட்டினான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலை பொடக்காளியில் செல்வலட்சுமி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. அவன் பல் குச்சியோடு அங்கே போனவன் நின்றுவிட்டான். அவள் கையில் குழந்தையின் பால் டம்ளர், பக்கத்தில் மூடி போட்ட ஒரு பவுடர் டப்பா. டப்பாவுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்றிருந்த சாம்பலை எடுத்துத் தேய்த்தாள்.

"இது எங்க இருந்து வந்துது?" குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"என்னங்க இப்படிக் கத்தறீங்க? ஆடி மாசம் சலிச்சு எடுத்து வெச்சது. அவ டம்ளருக்குச் சோப்புப் போட்டா வாசம் போறதில்லை, கெமிக்கல் வேற. அதுக்குன்னு தனியா வெச்சிருக்கேன். குழியில இருந்ததை நீங்க வழிச்சு எடுத்துட்டீங்க. நல்லவேளை இது உள்ள இருந்துது." அவள் டம்ளரை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். "மதலேனம்மா அக்கா இது வேணும்னு உசுரை விட்டாங்க. அங்கன்வாடி அண்டா எத்தனை தேச்சும் கறை போகலைன்னாங்க. ரெண்டு போசி நெறைய அள்ளிக் குடுத்தேன். இப்பக் கண்ணாடியாட்டம் இருக்குதாமா. எல்லாத் தட்டும் அதுலதான் வெளக்கறாங்களாமா."

மதலேனம்மாள் அங்கன்வாடியில் ஆயா, பக்கத்து வீடுதான். அங்கே பதினெட்டுக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

நாச்சிமுத்து டம்ளரைப் பிடுங்கினான். டப்பாவைப் பிடுங்கி மூடினான். அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"செல்வி, அது டிரம்முக் கரி."

"எந்த டிரம்மு?"

"டீச்சரு பூட்டி வெக்கச் சொன்ன டிரம்மு. மழைக்குக் கரி இல்லைன்னு எடுத்தாந்தேன். ஏழு தடவை அலசுனேன் செல்வி. நெருப்புல போனா ஒண்ணும் நிக்காதுன்னு நெனச்சேன். நம்ம புள்ளைக்கு நாந்தான்…"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சாம்பல். பக்கெட்டில் கையை விட்டு அலசினாள், திரும்ப அலசினாள். அழுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எப்பத் தெரியும்னு கேட்டனுங்."

"டீச்சரு வந்தன்னிக்கு."

"அன்னிக்குப் புதன்கெழமை. இன்னிக்குச் சனி." அவள் விரலை மடக்கினாள். "நாலு நாளா எட்டு வேளை பால் குடுத்திருக்கேன். எட்டு வேளையும் இந்தச் சாம்பல்லதான் வெளக்குனேன். சுத்தமா இருக்கோணும், சுத்தமா இருக்கோணும்னு ரெண்டு தடவை வெளக்குனேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்க."

"டப்பா இருக்கறது எனக்குத் தெரியாது செல்வி. சத்தியமா…"

"நீங்க சொல்லியிருந்தா டப்பா இருக்கறதை நான் சொல்லியிருப்பேன்."

அவன் டப்பாவை அவள் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினான்.

"தெரியாமச் செஞ்சது போகட்டும்," என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "நெருப்பு வெச்ச கை உங்களுது, தேச்ச கை என்றது. அது நம்ம தலையெழுத்து. இந்த நாலு நாளு எந்தக் கணக்குலீங்க? டீச்சருக்குப் போனப் போடுங்க. என்ற முன்னால போடுங்க."

போட்டான். சொன்னான். கோபமாக ஒரு வார்த்தை வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"சாம்பல் எங்கெல்லாம் போச்சு?" என்று மட்டும் கேட்டார் டீச்சர். "ஒவ்வொரு இடமாச் சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன். அங்கன்வாடியில இப்பவே போய் நிறுத்துங்கோ. குழந்தைகள் எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும். நான் பத்து மணி பஸ்ஸுல வரேன்." அப்புறம், போனை வைக்கப் போகிறவர் போல மூச்சு விட்டுவிட்டு, "கரியைப் பத்தி உங்களுக்கு நன்னாத் தெரியும்னு நான் நெனச்சுட்டேன். எரிச்சா என்னாகும்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். தோணலை," என்றார். அவர் அதிலும் தன் பங்கைத் தேடி எடுத்துக்கொண்டதுதான் நாச்சிமுத்துவைக் குனிய வைத்தது.

அங்கன்வாடியில் மதலேனம்மாள் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். தட்டுகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்தன. அவன் சொல்லி முடித்ததும் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஏசுவே! பதினெட்டுப் புள்ளைங்கடா நாச்சிமுத்து," என்றாள். "உன்ற புள்ளைக்குச் செஞ்சதை நீ எப்படியோ தாங்கிக்குவே. நான் பதினெட்டு ஊட்டுக்குப் போயி என்னன்னு சொல்லட்டும்? உன்ற பொண்டாட்டி சாம்பல் குடுத்தா, நான் தேச்சுப் போட்டேன்னா?"

"நான் சொல்றனுங்கக்கா. நானே போயிச் சொல்றேன்."

"நீ சொன்னா? தட்டைக் கழுவுன கை என்றதில்லயா?"

பத்து மணி பஸ்ஸில் டீச்சர் வந்தார். வீடு வீடாக அவனோடு நடந்தார். சாம்பலை, தட்டுகளை, டப்பாவை எல்லாம் பைகளில் கட்டிப் பேர் எழுதினார். ஒரு வீட்டில் நாச்சிமுத்துவின் முகத்தில் துப்பினார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். மோரைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சர் பைப்பின் பூட்டைத் திறந்தார்.

திறந்தால் ஆயிற்றா? குடத்தோடு வந்த பெண்கள் தள்ளியே நின்றார்கள். நாலு நாளைக்கு முன்னால் விஷம் என்ற தண்ணீரை இப்போது குடி என்றால் யார் குடிப்பார்கள்? காகிதத்தை யாரும் பார்க்கவில்லை. டீச்சர் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு வேறு சோதனை கிடையாது என்று அவனுக்கும் தெரிந்தது. பைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

முதலில் வந்தவள் ஒரு கிழவி. "தண்ணி செரியா இருக்குதா?" என்றாள்.

"தண்ணியில குத்தமில்லீங்க. கரிய எரிச்சுச் சாம்பலாக்கி எம் புள்ளைக்கு நாந்தான் குடுத்தேன். தண்ணிய நம்பிக் குடிங்க," என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தை வைத்தாள். அடுத்தவள் கேட்டாள். அதையே சொன்னான். அதற்கடுத்தவள் காது கேட்காதவள், கத்திச் சொன்னான். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, யாரும் முன்னவளிடம் சொன்னதைக் கேட்டுத் திருப்திப்படவில்லை. இருபது குடம் ஆனபோது வார்த்தை தேய்ந்து, சும்மா வாய்ப்பாடு மாதிரி வந்தது. வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரிகூட இருந்தது. மனுஷன் எதற்கும் பழகிவிடுவான்.

அப்போது வரிசையில் செல்வலட்சுமி வந்தாள். இடுப்பில் மௌனிகா, கையில் குடம். குடத்தைப் பைப்புக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் பைப்பைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான். அவள் நகரவில்லை.

"எனக்குச் சொல்லலீங்களா?"

"செல்வி, உனக்குத்தான் தெரியுமே…"

"எல்லார்த்துக்கும் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். கரிய எரிச்சது வரைக்கும் சொல்றீங்க. அதுக்கப்பறம் இருக்கறதை ஒருத்தருக்கும் சொல்லலை. அதையும் சேத்தி எனக்குச் சொல்லுங்க."

பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். மதலேனம்மாளும் அங்கன்வாடிக் குடத்தோடு நின்றாள். டீச்சர் மேட்டின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மௌனிகா தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்ச பொறவும் நாலு நாளு பேசாம இருந்தேன்," என்றான். "நீ என்னைய என்ன நெனப்பியோன்னு பயந்துட்டு இருந்தேன். அந்த நாலு நாளும் சாம்பலு எம் புள்ளை வாய்க்குப் போச்சு."

வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாரும் தேற்றவில்லை.

செல்வலட்சுமி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

"குடம் ரொம்பி வழியுது," என்றாள். "பைப்பை மூடுங்க. பின்னால ஆளு நிக்கறாங்க."